மட்டைத் துப்பாக்கிக்கு ஒரு வரம்பு

(திருவனந்தபுரத்தில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கித் திருத்தப்பட்டது.)



இந்த ஊரில் ஆண்டுக்கு இரண்டு இரவு ஒரு வேட்டை நடக்கிறது. பங்குனித் திருவிழாவிலும் ஐப்பசித் திருவிழாவிலும், இறைவனின் நீராட்டான ஆறாட்டுக்கு முந்தைய இரவு, பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து ஊர்வலம் புறப்படும். மேளம் இருக்காது. காட்டில் மிருகம் கலைந்துவிடக் கூடாது என்பதுபோல அத்தனை பேரும் ஓசையடக்கி நடப்பார்கள். சுந்தரவிலாசம் அரண்மனைப் பக்கத்தில் ஓர் இளநீர் காத்திருக்கும். திருவிதாங்கூர் அரச குடும்பத்தின் தலைவர் வில்லை வளைத்து அதன்மேல் அம்பு எய்வார். அவ்வளவுதான், வேட்டை முடிந்தது. சங்கு முழங்கும், திரும்பும்போது வாத்தியங்களும் முழங்கும். மறுநாள் ஆறாட்டு ஊர்வலம் சங்குமுகம் கடற்கரைக்குப் போவதற்காக விமான நிலைய ஓடுபாதையையே சில மணி நேரம் மூடிவைக்கிறார்கள்.

பள்ளிவேட்டை எனப்படும் இதை யாரும் வன்முறை என்று சொல்வதில்லை. அது இளநீர் என்பது கூட்டத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த ஒரு நொடி அது விலங்கு என்பதும் தெரியும்.

கோயிலைச் சுற்றிய கோட்டைப் பகுதியில் ஒரு வீட்டு முற்றத்தில் நான்கு வயதுப் பிள்ளை தென்னை மட்டையைத் தோளில் சாத்தி, ஒரு கண்ணை மூடி, "ட்டே!" என்கிறது. தமிழ் வீடாக இருந்தால் "டிஷ்யூம்!" என்னும். அடுக்களையிலிருந்து குரல் வருகிறது: "என்ன விளையாட்டு இது? கீழே போடு!"

இளநீர் மேல் அம்பு எய்தவரை வணங்குகிறோம். மட்டையைத் தூக்கிய பிள்ளையைக் கண்டால் பதறுகிறோம். அந்தப் பதற்றத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. 2025 மார்ச்சில் கேரளச் சட்டமன்றம் இளைஞர்களிடையே பெருகும் வன்முறையையும் போதைப் பழக்கத்தையும் பற்றி விவாதித்தது. 'மார்கோ' போன்ற வன்முறைப் படங்களின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. அந்தப் படத்தைத் தொலைக்காட்சியில் காட்டத் தணிக்கை வாரியம் அனுமதி மறுத்தது. பெரிய பையன்களின் கையில் இருக்கும் கத்தியைப் பார்த்த கண்ணோடு வீட்டுக்கு வரும் தகப்பன், சின்னப் பிள்ளையின் கையில் இருக்கும் மட்டையைப் பார்க்கிறான். இரண்டுக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டுவிடுகிறான்.

அந்தக் கோடு சரியா என்று பார்ப்பதுதான் இன்றைய பேச்சு. பேச்சின் முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். சண்டை விளையாட்டுக்குத் தடை போட்டுப் பயனில்லை. அதற்கு வரம்பு வேண்டும். வரம்பு என்றால் நம் ஊரில் வயல் வரப்பும்தான். வரப்பு தண்ணீரை விரட்டுவதில்லை, நிற்க வைக்கிறது. இதை ஏழு குறிப்புகளாகப் பிரித்துச் சொல்லலாம்.

1. கழுத்தில் கட்டிய ஐந்து ஆயுதம்

பொம்மை ஆயுதம் பிளாஸ்டிக்கோடு வந்தது என்று நினைக்க வேண்டாம். தமிழ்க் குழந்தையின் கழுத்தில் ஒரு காலத்தில் ஐம்படைத் தாலி தொங்கியது. சங்கு, சக்கரம், கதை, வாள், வில் என்று திருமாலின் ஐந்து ஆயுதங்களையும் விரல் நுனி அளவுக்குச் சிறிதாக்கிக் காப்பாகக் கட்டினார்கள். ஆயுதத்தைச் சிறிதாக்கினால் அது அணியாகிவிடுகிறது என்பதைத் தட்டான் அறிந்திருந்தான்.

அணிக்கும் போருக்கும் நடுவே உள்ள எல்லையையும் புலவர்கள் அறிந்திருந்தார்கள். புறநானூற்றின் 77ஆம் பாட்டில் இடைக்குன்றூர் கிழார், தலையாலங்கானத்துப் போர்க்களத்தில் நிற்கும் பாண்டியன் நெடுஞ்செழியனைப் பார்த்து வியக்கிறார். அவன் இன்னும் குழந்தைத் தாலியைக் கழற்றவில்லை. அதற்குள் உண்மையான வில்லைப் பிடித்துவிட்டான். இதே நூலின் 279ஆம் பாட்டில் ஒக்கூர் மாசாத்தியார் காட்டும் தாய், இருந்த ஒரே மகனின் தலைக்கு எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துப் போருக்கு அனுப்புகிறாள். இரண்டு பாட்டும் வீரத்தைப் பாடுபவைதான். ஆனால் இரண்டிலும் நம்மை உலுக்குவது, விளையாடும் வயது முடிவதற்குள் விளையாட்டு முடிந்துவிட்டதே என்ற இடம்.

பிள்ளைத்தமிழையும் இங்கே சேர்த்துக்கொள்ளலாம். ஆண்பால் பிள்ளைத்தமிழின் கடைசி மூன்று பருவங்கள் சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவம் முழுவதும் பெண் பிள்ளைகள் கட்டிய மணல் வீட்டை ஆண் பிள்ளை காலால் சிதைக்க வருவதும், சிதைக்காதே என்று அவர்கள் கெஞ்சுவதும்தான். இன்றைய மழலையர் பள்ளியில் இதைச் செய்தால் பெற்றோருக்குக் கடிதம் வரும். நம் முன்னோர் இதற்குப் பத்துப் பாட்டு ஒதுக்கினார்கள். அழிக்கும் ஆசை குழந்தைக்கு உண்டு என்பதை அவர்கள் மறைக்கவில்லை. அதை மணலோடு நிறுத்திவைத்தார்கள்.

2. "சும்மா" என்று சொல்லும் குறி

1952இல் கிரெகரி பேட்சன் என்ற மானிடவியலாளர் சான் பிரான்சிஸ்கோவின் ஃப்ளைஷேக்கர் விலங்குக் காட்சிச்சாலையில் இரண்டு இளங்குரங்குகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவை கடித்துப் புரண்டன. ஆனால் அது சண்டை இல்லை என்பது பார்த்த மனிதருக்கும் தெரிந்தது, குரங்குகளுக்கும் தெரிந்தது. "இது விளையாட்டு" என்ற செய்தியைச் சொல்லாமலே அவை ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கின்றன என்று பேட்சன் எழுதினார். விளையாட்டுக் கடி கடியைக் குறிக்கும். கடி குறிப்பதை அது குறிக்காது.

இதற்குத் தமிழ்ப் பிள்ளைகளிடம் ஒரே சொல்லில் விளக்கம் இருக்கிறது: "சும்மா."

மட்டைத் துப்பாக்கி ஆட்டத்தை ஒரு நாள் திண்ணையில் உட்கார்ந்து கடைசி வரை பாருங்கள். முதலில் துப்பாக்கி செய்ய வேண்டும். பச்சை மட்டையின் அகன்ற அடிப்பகுதி கட்டையாகும். மெலிந்த பகுதி குழலாகும். வெட்டுக்கத்தி பெரியவர்கள் கையில்தான் இருக்கும் என்பதால் ஒரு மாமாவையோ தாத்தாவையோ கெஞ்ச வேண்டும். பிறகு யார் போலீஸ், யார் கள்ளன் என்பதில் கால் மணி நேரம் போகும். எல்லோருக்கும் கள்ளனாக ஆசை. வீட்டின் கடைக்குட்டியை விட்டுவிட முடியாது, சேர்த்துக்கொள்ளவும் முடியாது; அவன் ஒப்புக்குச் சப்பாணி. அவனை எத்தனை முறை சுட்டாலும் சாக மாட்டான். அது விதி.

சண்டை ஐந்து நிமிடம். வழக்கு பதினைந்து நிமிடம். "நீ செத்துட்டே." "இல்லே, மேலே படலே." "பட்டது, நான் பார்த்தேன்." "நான் அதுக்கு முன்னாடியே டைம் ப்ளீஸ் சொன்னேன்." "அழுகுணி ஆட்டம் ஆடாதே." செத்தவன் பத்து எண்ணிவிட்டு எழுந்திருக்கலாமா, இருபது எண்ண வேண்டுமா என்று புதிய சட்டம் பிறக்கும். ஒருவன் முட்டியில் சிராய்ப்போடு உண்மையாகவே அழுதுவிட்டால் துப்பாக்கிகள் அத்தனையும் தரையில் விழும். சுட்டவனே எச்சில் தொட்டு வைப்பான்.

ரஷ்ய உளவியலாளர் வைகோட்ஸ்கி 1933இல் லெனின்கிராடில் விளையாட்டைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஆசைப்பட்டதைச் செய்வதற்குத்தான் குழந்தை விளையாடுகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் விதிக்குக் கட்டுப்பட்டுத் தன் உந்துதலை அது அதிகமாக அடக்குவது விளையாட்டில்தான் என்றார் அவர். ஓட ஆசையிருந்தும் பத்து எண்ணும் வரை பிணமாகப் படுத்திருக்கும் பிள்ளையைப் பார்த்தவர்களுக்கு இது எளிதாகப் புரியும். வரம்பை முதலில் கட்டுபவர்கள் பிள்ளைகளே. ஒழுங்கற்ற சண்டை என்று நாம் கலைத்துவிடுவது பல நேரம் நடந்துகொண்டிருக்கும் சட்டசபை.

அப்படியானால் உண்மைச் சண்டை எது? முகத்தைப் பாருங்கள். விளையாட்டில் வாய் திறந்து சிரிக்கும். பலசாலி வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பான். ஆட்டம் முடிந்த பிறகும் சேர்ந்தே இருப்பார்கள். சண்டையில் முகம் இறுகும். முடிந்ததும் ஆளுக்கொரு திசை. இந்த வேறுபாட்டை இனம்காணக் கற்றுக்கொண்ட ஆசிரியை பாதி நாள் நடுவராக நிற்க வேண்டிய தேவையில்லை.

3. காகித வீட்டின் மேல் விழுந்த குண்டு

இரண்டாம் உலகப்போர் நடந்தபோது லண்டன் ஹேம்ப்ஸ்டெட்டில் அன்னா ஃபிராய்டும் டோரதி பர்லிங்ஹாமும் போரில் சிதறிய குடும்பங்களின் பிள்ளைகளுக்குக் காப்பகம் நடத்தினார்கள். அங்கே ஒரு நான்கு வயதுச் சிறுவன். தந்தை விமானத் தாக்குதலில் இறந்துவிட்டார். அவன் அதை ஏற்கவில்லை. காகிதத்தில் வீடு செய்வான், அதன்மேல் கோலிக்குண்டு போடுவான், வீடு சரியும். ஆனால் அவனுடைய ஆட்டத்தில் உள்ளே இருந்தவர்கள் எப்போதும் கடைசி நொடியில் பிழைத்துக்கொள்வார்கள். வீட்டைத் திரும்பக் கட்டுவான், திரும்பக் குண்டு போடுவான். மாதக்கணக்கில் இப்படி ஆடிய பிறகுதான் ஒரு நாள் அப்பா செத்துப்போனதை வாய்விட்டுச் சொன்னான்.

1943இல் வெளிவந்த அவர்களுடைய நூலில் இது பதிவாகியிருக்கிறது. அந்தப் பிள்ளையிடமிருந்து கோலிக்குண்டைப் பிடுங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுப் பாருங்கள்.

குண்டு விழாத ஊரிலும் குழந்தைக்குப் பயம் உண்டு. நாய், இருட்டு, ஊசி போடும் டாக்டர், அப்பாவின் குரல். அதன் உலகில் எல்லோரும் அதைவிட உயரம். கையில் ஒரு மட்டை வந்ததும் அந்த உயரம் சற்றுச் சமமாகிறது. சிகாகோ மழலையர் பள்ளி ஆசிரியை விவியன் பேலி 1988இல் வெளியிட்ட நூலின் தலைப்பே, கெட்டவர்களுக்குப் பிறந்தநாள் கிடையாது என்பதுதான். யாரைக் கெட்டவன் என்று வைப்பது, அவனை எங்கே நிறுத்துவது என்பதைப் பிள்ளைகள் தங்களுக்குள் பேசி முடிவெடுப்பதை அவர் ஆண்டுக்கணக்கில் ஒலிநாடாவில் பிடித்துக் கேட்டவர்.

4. பொம்மையை அடித்தது யார்?

எதிர்த் தரப்பின் வலுவான சாட்சியையும் அழைக்க வேண்டும். 1961இல் வெளியான ஆல்பர்ட் பண்டுராவின் ஆய்வு அது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியின் 72 பிள்ளைகள். அவர்களில் 24 பேருக்கு முன்னால் ஒரு பெரியவர் காற்றடைத்த 'போபோ' பொம்மையைச் சுத்தியலால் அடித்தார், உதைத்தார், திட்டினார். இன்னொரு 24 பேருக்கு முன்னால் பெரியவர் அமைதியாக விளையாடினார். மீதி 24 பேர் யாரையும் பார்க்கவில்லை. பிறகு எல்லோரையும் ஒரே மாதிரிப் பொருள்கள் இருந்த அறையில் விட்டார்கள். அடிப்பதைப் பார்த்தவர்கள் அதே சொல்லோடு அதே மாதிரி அடித்தார்கள்.

விளையாட்டு ஆயுதத்துக்கு எதிராக இந்த ஆய்வை அடிக்கடி எடுத்துக்காட்டுகிறார்கள். ஒரு விவரத்தை மட்டும் தவறவிடுகிறார்கள். அந்த அறையில் அம்புத் துப்பாக்கியும் சுத்தியலும் மூன்று கூட்டத்தாருக்கும் சமமாகவே கிடந்தன. வேறுபட்டது பிள்ளைகள் முன்பு பார்த்த பெரியவர்.

பெரியவர்களுக்கு மட்டும் என்று சான்றளிக்கப்பட்ட படத்துக்கு மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு போகும் வீடும், வண்டி உரசியதற்கு நடுரோட்டில் சட்டையைப் பிடிக்கும் வீடும், பிள்ளையின் மட்டையைப் பிடுங்கி எறிந்து அமைதியைக் கற்பிக்க முடியாது. இந்த இடத்தில் வரம்பு கட்ட வேண்டியது நம்மைச் சுற்றித்தான்.

5. ஒரே கதை சொல்லும் துப்பாக்கி

இனி பொம்மையின் பக்கம். இந்த ஊர்ச் சாலைக் கடைத்தெருவை எழுத்தாளர் ஆ. மாதவன் கதைகளில் படித்தவர்களுக்கு அங்கே எது எங்கே கிடைக்கும் என்பது மனப்பாடம். இன்று அங்கே ஓணத்துக்கும் தீபாவளிக்கும் தொங்கும் துப்பாக்கிகளைப் பாருங்கள். விசையை அழுத்தினால் விளக்கு எரியும், ஒலி எழும், சில ஆங்கிலத்தில் கட்டளையும் இடும். குழந்தை செய்ய வேண்டியது விசையை அழுத்துவது மட்டும்தான். "ட்டே" என்ற ஓசையைக்கூட அது எழுப்ப வேண்டியதில்லை.

மட்டைத் துப்பாக்கி மாலையில் படகுத் துடுப்பாகும், கிரிக்கெட் மட்டையாகும், ஒரு முனையில் தம்பியை உட்கார வைத்து இழுத்தால் பேருந்தாகும். மறுநாள் காய்ந்து அடுப்புக்குப் போகும். பிளாஸ்டிக் துப்பாக்கி துப்பாக்கியாக மட்டுமே இருக்கும்.

அமெரிக்காவில் 1984இல் குழந்தைகள் தொலைக்காட்சிக்கு இருந்த விளம்பரக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தினார்கள். பொம்மை விற்பதற்காகவே தொடர்கள் வந்தன, ஜி.ஐ. ஜோவும் டிரான்ஸ்ஃபார்மர்ஸும் கடையையும் திரையையும் ஒன்றாக்கின. பிள்ளைகள் தம் கதையை ஆடாமல் திரையில் கண்ட கதையையே திரும்பத் திரும்ப நகல் எடுக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் முறையிடத் தொடங்கினார்கள். டயேன் லெவினும் நான்சி கார்ல்சன்-பெய்ஜும் 1987இல் எழுதிய 'போர் விளையாட்டுச் சிக்கல்' என்ற நூல் அந்த முறையீட்டிலிருந்து பிறந்தது. கற்பனை வேலை செய்யும் சண்டை விளையாட்டு ஒரு வகை, நகல் சண்டை வேறு வகை என்று அவர்கள் பிரித்துக் காட்டியது இன்றும் பயன்படும்.

நமக்கு அதே 1987இல் ஞாயிறு காலை 'ராமாயண்' வந்தது. அடுத்த ஆண்டு 'மகாபாரத்'. மூங்கில் வளையில் நூல் கட்டி, ஈர்க்குச்சியை அம்பாக்கி ஒரு தலைமுறையே எய்து பழகியது. ஒரு நன்மை, அந்த வில்லைப் பிள்ளைகள் தாங்களே செய்தார்கள். ஒரு தீமை, ஈர்க்கு கூர்மையானது. அது அடுத்த குறிப்புக்கு இட்டுச் செல்கிறது.

6. மனத்துக்கு முன் கண்

பொம்மைத் துப்பாக்கியால் பிள்ளையின் மனம் கெடுமா என்று மணிக்கணக்கில் பேசுகிறோம். கண் கெடும் என்பதில் எந்த விவாதமும் இல்லை. 2015இல் ஈகைத் திருநாளை ஒட்டிப் பிள்ளைகளுக்குக் கண் காயங்கள் ஏற்பட்ட பிறகு, சிறு குண்டு எய்யும் பொம்மைத் துப்பாக்கிகளை ஆப்கானிஸ்தான் அரசு தடை செய்தது. 2025 தீபாவளியின்போது போபால் உள்ளிட்ட மத்தியப் பிரதேச ஊர்களில் 'கார்பைடு துப்பாக்கி' நூற்றுக்கும் மேற்பட்டோரின் கண்களைக் காயப்படுத்தியது. அது வெறும் பிளாஸ்டிக் குழாய். உள்ளே கால்சியம் கார்பைடும் தண்ணீரும் சேர்ந்து அசெட்டிலின் வாயு உண்டாகும். லைட்டரால் பற்றவைத்தால் வெடிக்கும். வெடிக்கவில்லையே என்று பிள்ளை குழாய்க்குள் எட்டிப் பார்க்கும் நேரத்தில் வெடிக்கும்.

இந்தியாவில் 2021 ஜனவரி 1 முதல், 14 வயதுக்கு உட்பட்டோருக்கான பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. குறி கட்டாயம். ஐ.எஸ். 9873 என்ற தரநிலை, எய்யும் பொம்மைகள் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கும் விதி வைத்திருக்கிறது. திருவிழாக் கூடாரத்தில் வாங்கும் துப்பாக்கியில் அந்தக் குறியைத் தேடிப் பாருங்கள்.

இன்னொரு கண்ணும் இருக்கிறது, பார்ப்பவர் கண். 2014 நவம்பர் 22 அன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரப் பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுக் கறுப்பினச் சிறுவனை, வண்டியிலிருந்து இறங்கிய காவலர் சில விநாடிகளில் சுட்டார். மறுநாள் அவன் இறந்தான். உண்மைத் துப்பாக்கியிலிருந்து பிரித்துக் காட்ட முனையில் ஆரஞ்சு நிறம் வேண்டும் என்று அந்த நாடு 1988லேயே சட்டம் செய்திருந்தது. அவன் கையில் இருந்ததில் அந்த முனை இல்லை. 'சும்மா' என்ற குறியை எதிரில் நிற்பவர் படிக்க முடியாதபோது பொம்மை பொம்மையாக இருப்பதில்லை. அசலைப் போலவே இருக்கும் துப்பாக்கியை வாங்கித் தர வேண்டாம் என்பதற்கு இதைவிடக் காரணம் தேவையில்லை.

7. மரத்துப்பாக்கி விளையாட்டு இல்லாத இடம்

கடல் கடந்தும் ஒரு முறை பார்க்க வேண்டியிருக்கிறது. இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் போர்க்காலப் பயிற்சி முகாம்களில் பிள்ளைகள் மரத்துப்பாக்கி ஏந்தினார்கள். அதுவும் மரம்தான். அதில் யாரும் டைம் ப்ளீஸ் சொல்ல முடியாது; ஒப்புக்குச் சப்பாணி கிடையாது. 2003 முதல் 2008 முடிய விடுதலைப் புலிகள் சிறுவர்களைச் சேர்த்ததாக 6,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகளை யுனிசெஃப் பதிவு செய்தது. அவர்களிடமிருந்து பிரிந்த அணியும் சிறுவர்களைச் சேர்த்தது.

யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் சிறுவர் போராளிகளைப் பற்றி 2002இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். பிள்ளைகளைப் படையை நோக்கித் தள்ளிய காரணங்களாக அவர் காட்டியவை உற்றார் கொல்லப்பட்டது, வீடு இழந்தது, இடம்பெயர்ந்தது, பசி, அடக்குமுறை, பெரியவர்களின் பரப்புரை. இந்தப் பட்டியலோடு முற்றத்தில் ஆடிய கள்ளன்-போலீஸ் ஆட்டத்தை ஒப்பிட்டுப் பாருங்கள். குழந்தையின் கையிலிருந்த விளையாட்டை எடுத்துக்கொண்டு, மரத்துக்குப் பதில் இரும்பைக் கொடுத்தவர்கள் பெரியவர்கள். படையில் சேர்ப்பதற்கு எதிராக 2000இல் ஐ.நா. ஒப்புக்கொண்ட விருப்ப நெறிமுறையும் பெரியவர்களைத்தான் கட்டுப்படுத்துகிறது.

அவையோரே, இந்த ஏழு குறிப்புகளையும் சேர்த்துப் பார்த்தால் தடை ஏன் தோற்கிறது என்பது தெரியும். ஸ்வீடனில் 1979இல் போர்ப் பொம்மைகளை விற்பதில்லை என்று வணிகர்கள் உடன்பட்டார்கள். அது கடைக்கு வைத்த வரம்பு. அதில் பொருள் உண்டு. ஆனால் விளையாட்டையே தடை செய்தால் என்ன ஆகும்? இங்கிலாந்தின் மழலையர் பள்ளிகளில் பல ஆண்டுகள் துப்பாக்கி ஆட்டத்துக்கு முழுத்தடை இருந்தது. பென்னி ஹாலண்ட் 2003இல் எழுதிய நூல் அதன் விளைவைச் சொல்கிறது: ஆடும் பையன்கள் எப்போதும் திட்டு வாங்குபவர்களாக ஒதுக்கப்பட்டார்கள், தடையைத் தளர்த்திய இடங்களில் ஆட்டம் வளர்ந்து வேறு கதைகளாக மாறியது. பையன்கள் துப்பாக்கி ஆட்டம் ஆடினால் உடனே நிறுத்தத் துடிக்க வேண்டாம் என்று 2007 டிசம்பரில் அந்த நாட்டு அரசே வழிகாட்டியது.

வரம்பு கட்டுவது எப்படி என்று கற்க லண்டன் போக வேண்டியதில்லை. கிழக்கேகோட்டையில் 1956இல் தொடங்கிய சி.வி.என். களரி இருக்கிறது. மரபான களரி 42 அடி நீளம், 21 அடி அகலம், தரைக்குக் கீழே வெட்டிய குழி. ஏழு வயதுப் பிள்ளை வலது காலை வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு நெற்றியில் வைக்கும். ஆயுதம் உடனே கைக்கு வராது. முதலில் மெய்த்தாரி: உடம்பே பாடம். அது கைவந்த பிறகு கோல்தாரி: கம்பு. அதற்கும் பிறகுதான் அங்கத்தாரி: வாள், கேடயம், ஈட்டி. ஆண், பெண் இருவருக்கும் ஒரே வரிசை. வடகரையில் ஏழு வயதில் களரி புகுந்த மீனாட்சி அம்மாவுக்கு 2017இல் பத்மஸ்ரீ கிடைத்தது. வீட்டில் தம்பிக்குத் துப்பாக்கியும் அக்காவுக்கு நர்ஸ் வேடமும் கொடுப்பவர்கள் அவரை நினைத்துக்கொள்ளலாம்.

ஆயுதம் ஆட்டமாகவே நிற்கும் வழக்கங்களும் இங்கே உண்டு. கரமனையில் விளையில் வீட்டு ஆசாரிமார் விரதமிருந்து ஓணவில் செய்கிறார்கள். வில் வடிவில் செதுக்கிய பலகை. அதன்மேல் அனந்தசயனமும் தசாவதாரமும் வண்ணத்தில். திருவோணத்தன்று அது பத்மநாபனுக்குக் காணிக்கை. எய்ய முடியாத வில் அது. பங்குனித் திருவிழாவுக்குக் கோயிலின் கிழக்கே பாண்டவர் ஐவரின் பேருருவங்கள் நிற்கும்; அவற்றின் எதிரே கேடயமும் பிரம்புமாக வேலகளி ஆடுவோர் கௌரவர் படையாக வருவார்கள். ஓணக் காலத்தில் தென்கேரளக் கிராமங்களில் பிள்ளைகள் வாழைச்சருகைக் கட்டிக்கொண்டு கடுவாயாக வீடு வீடாக வருவார்கள். கூடவே தொப்பி வைத்த துரை ஒருவன், கையில் மரத்துப்பாக்கி. கடுவா உறுமும், துரை சுடுவான், கடுவா விழும், வீட்டுக்காரர் காசு கொடுத்ததும் இருவரும் அடுத்த வீட்டுக்கு ஓடுவார்கள்.

இங்கே கூடியிருக்கும் பெற்றோரிடமும் ஆசிரியைகளிடமும் சில வேண்டுகோள்கள். எதையும் எய்யும் பொம்மையை ஐந்து வயதுக்குள் வாங்க வேண்டாம். பிறகு வாங்கினாலும் குறி பார்த்து வாங்குங்கள். அசல் போலிருக்கும் துப்பாக்கி எந்த வயதிலும் வேண்டாம். முகத்தில் குறி வைக்கக் கூடாது, வேண்டாம் என்றவரைச் சுடக் கூடாது, யாராவது அழுதால் ஆட்டம் நிற்க வேண்டும் என்ற மூன்று விதிகளைப் பிள்ளைகளையே சொல்ல வைத்து அங்கன்வாடிச் சுவரில் எழுதுங்கள். அங்கன்வாடி முற்றத்தில் நான்கு மட்டைகளைச் சீவிப் போடுங்கள். துப்பாக்கியாவதும் துடுப்பாவதும் அவற்றின் பாடு. வரும் ஓணத்துக்குக் கடுவாயும் துரையும் வாசலுக்கு வந்தால் காசை நீட்டுவதற்கு முன் ஐந்து நிமிடம் நின்று ஆட்டத்தை முழுவதும் பாருங்கள். இன்று மாலை வீட்டுக்குள் நுழையும்போது மட்டையை நீட்டி "கையைத் தூக்கு" என்று யாராவது நின்றால், பையைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் தூக்குங்கள்.